நீர் விலகும் இடம்

கழுவிய இரும்பின்மீது தண்ணீர் ஊற்றினால் ஒரே படலமாகப் பரவ வேண்டும். பிசுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் விலகும். தொழிற்சாலையில் அதைச் சோதிப்பது சுகிர்தாவின் வேலை. காலையிலிருந்து கழுவி வந்த ஒவ்வொரு இரும்பு உருளையிலும் தண்ணீர் விலகிக்கொண்டே இருந்தது. சோப்புக் கரைசலை மாற்றினார்கள், சூட்டைக் கூட்டினார்கள். பலனில்லை.

“இன்னொண்ணு இப்பிடி வந்துச்சுன்னா, ரெஜினா, நாளைக்கு நீ வரவேணாம்,” என்றார் சூப்பர்வைசர்.

“அக்கா, நான் நல்லாத்தான முக்குறேன்? நீங்களாச்சும் சொல்லுங்க,” என்றாள் சோப்புத் தொட்டியருகே உருளைகளைக் கழுவிக்கொண்டிருந்த ரெஜினா.

சுகிர்தா அடுத்த உருளையில் தண்ணீர் ஊற்றினாள். நீர் விலகிய இடம் பெருவிரல் அளவே இருந்தது. குனிந்து தன்னைப் பார்த்தாள். வலது கையுறை இடுப்பில் செருகியிருந்தது. எப்போது கழற்றினாள்? யாரோ செருகிவிட்டுப் போனதுபோல் இருந்தது. குளிப்பாட்டிய குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல தண்ணீர் ஊற்றுமுன் ஒவ்வொன்றையும் வெறும் விரலால் தடவி அதன் பிசுக்கை ஒட்டவைத்திருக்கிறாள், தனக்கே தெரியாமல்.

“சார், இது ரெஜினா இல்ல.”

“அப்ப யாரு?”

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த உருளையின் வெதுவெதுப்பின்மேல் அவளுடைய விரல் போய் அமர்ந்திருந்தது.