பெயிலான படங்கள்

“இது பன்னெண்டு. இது ஏழு. இது சைபர்.”

டிவிடி உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளிக்கொண்டிருந்தார் ஊர்க்காவலன். ஒவ்வொரு உறையின் மூலையிலும் மார்க்கர் பேனாவால் ஒரு எண் எழுதியிருந்தது. கடைசியில் எண் எழுதாத ஒரு பழைய படத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

“நூத்துக்கு ஏழா மாமா? படம் எடுத்தவுக கேட்டா அழுதுருவாக,” என்றாள் மருமகள் கற்பகவல்லி. 

ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பில் பதினைந்து வருடம் சிடி கடை வைத்திருந்த மனிதர். கடையை மூடியபோது மிஞ்சிய முந்நூற்றுச் சொச்சம் படங்களும் வீட்டு பீரோவுக்குக் குடிவந்துவிட்டன. தினமும் சாயங்காலம் ஒரு படம் ஓடும், கடைசியில் ஒரு மார்க் விழும். ஊரே விசிலடித்துப் பார்த்த சண்டைப் படத்துக்கு சைபர் போட்டார். யாரும் சீந்தாத ஒரு கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்துக்கு ஐம்பத்தொன்று. இதுவரை அதுதான் அதிகபட்ச மார்க். இப்படி ஒரு வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தால் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தேறாது.

மார்க்கை அவர் எப்படியோ போட்டுவிட்டுப் போகட்டும். கற்பகவல்லியின் கவலையெல்லாம் அத்தை சண்முகத்தாயைப் பற்றித்தான்.

அத்தை விடியுமுன் கம்பெனி வேனில் ஏறிப் போய், பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் உட்காருகிறவள். போன மாசியில் அவளுக்கு அடுத்த அறை வெடித்து, கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு அத்தை இரவில் புரண்டு புரண்டு படுப்பது சுவர் தாண்டிக் கேட்கும். வைகாசியில் கல்யாணமாகி வந்தபோது பார்த்த அத்தை இப்போது பாதி ஆளாகிவிட்டாள். அசதியில் மருந்து அறையில் கண் செருகிக் கை தவறினால் என்ன ஆகும் என்று வேன் திரும்பும் வரை கற்பகவல்லி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவளை வேலை விட்டு வந்ததும் கொஞ்சம் கட்டையைச் சாய்க்க விடாமல் டிவி முன்னால் உட்கார்த்தி வைக்கிறார் மாமா. அவராவது படத்தைப் பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை. காகிதத்தை உருட்டி வெடிக்குழாய் சுற்றிக்கொண்டே அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். யாருக்காக ஓடுகிறது இந்தப் படம் என்று கற்பகவல்லிக்குப் புரிந்ததே இல்லை.

தீபாவளி சீசன் என்பதால் அன்று வேன் வர நாலரை ஆகிவிட்டது. சண்முகத்தாய் கை கால் கழுவிவிட்டு வந்தாள். விரல் இடுக்கில் வெள்ளிப் பவுடர் அப்படியே இருந்தது. சாப்பாட்டைப் பாதியிலேயே ஒதுக்கிவிட்டாள்.

“இங்கன வந்து உக்காரு. படம் போடுதேன்,” என்றார் ஊர்க்காவலன்.

“இன்னைக்கு ஒரு நாளாச்சும் விடுங்க மாமா. அத்தை மொகத்தைப் பாத்தீகளா?”

“நீ அடுப்பைப் பாருத்தா.”

“இருக்கட்டும்த்தா, பாக்கேன்,” என்று சண்முகத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். புருஷனை மறுத்துப் பேசக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

படத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் வரப்புத் தகராறைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பத்து நிமிடத்தில் அத்தையின் தலை தோளில் தொங்கிவிட்டது. மாமா நிறுத்துவார் என்று கற்பகவல்லி அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். அவர் பாட்டுக்குக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் கிட்டத்தட்ட அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. இந்தக் கத்தலுக்கு நடுவே ஒரு மனுஷி எப்படி நிம்மதியாகத் தூங்குவாள்? விறுவிறுவென்று வந்து டிவியை அணைத்தாள்.

“அணைக்காதத்தா,” என்று ஊர்க்காவலன் எழப் பார்த்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது.

வீடு அமைதியானது. அந்த நொடியே சண்முகத்தாய் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

“எங்கன? எந்த ரூமு?” என்று வாசலுக்கு ஓடினாள். கம்பெனி இருக்கும் திசையில் புகை தெரிகிறதா என்று நின்று பார்த்தாள். 

“சத்தமே கேக்கலையே அத்தை,” என்றாள் கற்பகவல்லி.

“அதான்த்தா பயம். அன்னைக்கும் திடீர்னு எல்லாருமா பேச்சை நிப்பாட்டுனாக. அப்புறந்தான்...” சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் ஒண்ணும் தூங்கலத்தா. படந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கற்பகவல்லி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஊர்க்காவலன் கடிகாரத்தைப் பார்த்தார். உறையை எடுத்து மூலையில் 26 என்று எழுதினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

“பாதிகூட ஓடல. அதுக்குள்ள என்ன மாமா மார்க்கு?”

அவர் கொல்லைப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது மார்க்கு இல்லத்தா. ஒங்க அத்தை தூங்குன நிமிசம்.”