பளபளப்பான டப்பா

பரிசோதனைக்கூட மேசையில் இரண்டு சளி டப்பாக்கள் உட்கார்ந்திருந்தன.

"நான் எவ்வளவு சுத்தம் பார். உன்னைப் பார்த்தாலே குமட்டுது," என்றது எஸ்தரின் டப்பா. நாலு பேர் எதிரில் இருமக் கூச்சப்பட்டு, அவள் அதில் வெறும் எச்சிலைத்தான் துப்பியிருந்தாள்.

அருளப்பனின் டப்பா தலைகுனிந்தது. அவர் அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்பிய கெட்டிச் சளி அதில் இருந்தது.

மைக்ராஸ்கோப் இரண்டையும் பார்த்தது. அருளப்பனின் டப்பாவிடம், "காசநோய்க் கிருமியைக் காட்டிக் கொடுத்துட்டே. அவருக்கு இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சுடலாம், பிழைச்சுக்குவார்," என்றது.

"அப்போ நான்?" என்றது எஸ்தரின் டப்பா.

"நீ பளபளன்னுதான் இருக்கே. அவளுக்கு ஏன் ரெண்டு மாசமா இருமல்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

மறுநாள் காலை எஸ்தரின் புது டப்பா வந்தது. உள்ளே கெட்டியாக, மஞ்சளாக, பார்க்கவே சகிக்கவில்லை.

"வா கண்ணு, வா!" என்றது மைக்ராஸ்கோப்.