சிரிக்காமல் போன பிணம்

பிணமாக நடிப்பவர், ஷாட் முடிந்ததும் பாடையிலிருந்து எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். தோஷம் கழிய, படப்பிடிப்புகளில் அப்படியொரு வழக்கம். அன்று மழை பிடித்துக்கொள்ள, “நாளைக்குச் சிரிச்சுக்கலாம் சார், வண்டி கிளம்புது” என்றார் மேனேஜர். பிணமாகக் கிடந்த தணிகாசலமும் சிரிக்காமலே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பே வரவில்லை. மனைவி, அவர் எதிரில் இருப்பதே தெரியாதவள் போல, ஒரு டம்ளர் காபி மட்டும் போட்டுத் தானே குடித்தாள். அந்தப் பேய்ப்படம் வெளியான அன்று அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்கு மட்டும் உதடு பிரியவில்லை. திரையில் பாடையில் கிடந்த தணிகாசலம் மெதுவாக எழுந்து, இருட்டில் அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார். “தோஷம் கழிஞ்சுது சார்” என்று, சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்தபடி, பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய இமைகளை மெல்ல மூடிவிட்டார்.