கைதட்டினால் மேலே கேட்கும்

"நீ மேல ஏறு. நான் இங்கேருந்து கை தட்டுறேன், கேக்குதான்னு பாரு" என்று கோட்டை வாசலிலேயே நின்றுகொண்டாள் உலகு.

இவள் ஏறினாள். தோளில் துணிப்பை. உள்ளே மோர்மிளகாய், கூழ்வடகம், ஒரு பாட்டில் மாவடு. எல்லாம் உலகுவின் வீட்டுக்கு.

கோல்கொண்டாவின் உச்சியில் மூச்சு வாங்க நின்றாள். கீழே உலகு சின்னதாகத் தெரிந்தாள்.

டப். டப்.

அடேயப்பா! பக்கத்தில் நின்று தட்டியதுபோல் கேட்டது.

ஆனாலும் மனசு ஆறவில்லை.

தென்காசியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். உலகு கல்யாணமாகி ஹைதராபாத் வந்துவிட்டாள். மகனை வாரங்கல் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இவளுக்கு ஒரு பகல் கிடைத்தது. உலகு வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு ரயிலேறணும். வேறென்ன ஆசை?

காலையில் ஸ்டேஷனுக்கே வந்து கட்டிக்கொண்டு அழுதாள் உலகு. இவளை வெளியே நிறுத்திவிட்டு இவளுடைய பயணப்பையைத் தானே கிளாக் ரூமில் வைத்துவிட்டு வந்தாள். துணிப்பையை மட்டும் இவள் விடவில்லை. அதை வீட்டில் வைத்துத்தான் கொடுப்பாள்.

அப்புறம் சார்மினார். வளையல் கடை. ஈரானி டீ. இப்போது கோட்டை.

வீட்டுப் பேச்சை எடுத்தாலே, "ஏளா, வீடு எங்க ஓடிப்போகுது, ஊரைப் பாரு முதல்ல" என்கிறாள்.

பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். பழைய சிநேகிதியைப் படியேற்றக் கௌரவம் இடிக்கிறது போல.

இறங்கியதும் கேட்டேவிட்டாள். "என் கால் பட்டா உன் வீட்டுத் தரை தேஞ்சிருமோ?"

உலகு சிரித்தாள். முந்தானையால் இவள் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஸ்டேஷனில், "நீ இங்கேயே நில்லு" என்று உலகு கிளாக் ரூமுக்கு முந்தினாள். இவள் கேட்கவில்லை. கோபத்தில் கூடவே போனாள்.

கவுண்டர்க்காரர் உலகுவைப் பார்த்தார். சீட்டைக்கூட வாங்கவில்லை. உள்ளே போய் இவள் பையைக் கொண்டுவந்து வைத்தார்.

பக்கத்திலேயே ஒரு பச்சைப் பெட்டியையும் வைத்தார், தினமும் எடுத்துக் கொடுக்கிறவர் மாதிரி.

மூடியில் வெள்ளைப் பெயிண்டில், உலகம்மாள்.

கல்யாணச் சீருக்கு இவளும் கூடப்போய்ப் பொறுக்கி எடுத்த பெட்டி. பெயர் எழுதியது உலகுவின் அப்பா.

ஐயோ, தாயே.

உலகு பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"வீட்டுல இப்ப வேற ஒருத்தி இருக்கா" என்றாள். "லேடீஸ் வெயிட்டிங் ரூம் நல்லாத்தான் இருக்குளா. ஃபேன் இருக்கு."

இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வடகம் பொரிக்க ஒரு அடுப்பில்லாதவளைப் போய் என்ன கேள்வி கேட்டாள்!

ரயில் வந்து நின்றது.

ஒரு கையில் தன் பையை எடுத்தாள். இன்னொரு கையில் பச்சைப் பெட்டி. துணிப்பையைக் கழற்றி உலகுவின் தோளில் மாட்டினாள்.

"இதை நீ தூக்கிட்டு வா."

நடந்தாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள். அழுதால் உலகு பெட்டியைப் பிடுங்கிக்கொள்வாள்.

கோட்டையில் அவ்வளவு உயரத்திலும் கைதட்டல் கேட்டது.

இந்தக் கூட்டத்தில், பின்னால் உலகுவின் செருப்புச் சத்தம் வருகிறதா என்று தெரியவில்லை.