அந்தமானுக்கு வந்த ரோஸ்மேரி

“ரோஸ்மேரிய விட்டுட்டு வந்துட்டேன்டா பவுலு. ஒரு ராத்திரி விடக்கூட மனசு கேக்க மாட்டேங்குது.”

குளியலறைக் கதவுக்குப் பின்னால் கூட்டாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்த ஆண்டனிராஜின் குரல் தணிந்துதான் வந்தது. ஆனால் பெண்டாட்டி காதுக்கு அது போதாதா? ஈரத் துண்டைக் காயப்போட பால்கனிக்குப் போன ஏஞ்சலின் அப்படியே நின்றுவிட்டாள்.

திண்டுக்கல்லில் பஸ் ஏறி, விமானம் மாறி, இந்த அந்தமான் தீவில் வந்து இறங்கி ஒரு பொழுதுகூட ஆகவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. வந்த அன்றைக்கேவா இந்தப் பேச்சு?

“ரெண்டு மாசமாப் பழகிருச்சுடா,” உள்ளே பேச்சு ஓடியது. “இப்பத்தான் கொஞ்சம் நம்பிக்கையே வந்துச்சு. பாதியில விட்டா அம்புட்டும் போச்சு. ஏஞ்சலுக்கு மட்டும் சொல்லிறாத, தெரிஞ்சா என் மானம் போயிரும்.”

ரோஸ்மேரி யாரென்று ஏஞ்சலினுக்கு ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியதில்லை. நாகல் நகரில் ஆண்டனிராஜ் வைத்திருக்கும் பாத்திரக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற டீச்சர். இவனுக்கு முதலில் பார்த்த பெண். எல்லாம் பேசி முடித்து, கடைசியில் தட்டிப்போன சம்பந்தம். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இடுப்புக்குக் கீழே தொங்கும் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, மாசம் தவறாமல் கடைக்கு டிபன் பாக்ஸ் வாங்க வருவாள். ஒண்டி ஆளுக்கு எத்தனை டிபன் பாக்ஸ்தான் வேண்டும் என்று ஏஞ்சலின் ஒரு நாள் கேட்டேவிட்டாள். “யாவாரத்துல அதெல்லாம் கேக்கப்பிடாது,” என்றான் இவன்.

இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ராத்திரியானால் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் என்ன செய்தான் என்பது. தலையணை உறையில் புதிதாக அடிக்கிற அந்தப் பச்சிலை வாசனை எங்கிருந்து வந்தது என்பது. வீட்டுச் சோப்பிலும் இல்லாத, எண்ணெயிலும் இல்லாத வாசனை.

மத்தியானம் கடலில் இறங்கினபோதுகூட அவன் தொப்பியைக் கழற்றவில்லை. ஆசையாக இவள் தண்ணீரை வாரி அடித்ததற்கு, “வேணாம், வேணாம்” என்று விலகி விலகிப் போனான். கட்டினவள் கை பட்டால் ஆகாதாம். ‘தீவுக்குப் போவமா’ என்று அவனாகவே கேட்டதுகூட, அழப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுத்த மிட்டாய்தான்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவன் இவள் முகத்தைப் பார்த்தான். “என்ன ஏஞ்சலு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“ஒன்னுமில்ல. கடக்காத்து சேரல.”

“செத்த நேரம் படு. நான் கீழ போயிட்டு வாரேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். நல்ல எளநி இருக்கான்னு பாக்கலாம்னு.” கண்ணைப் பார்க்காமலே சொல்லிவிட்டு நழுவினான்.

ஏஞ்சலின் ஈரத் துண்டை நாற்காலியில் விட்டெறிந்தாள். கண்ணாடி முன்னால் நின்று தன் எலிவால் ஜடையை இழுத்துப் பார்த்தாள். அழுகையாக வந்தது. ஆறு வருஷம் அவனுக்காக விரதம் இருந்தாள், அவன் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டாள், கடையில் கல்லாப்பெட்டிக்குக் காவல் இருந்தாள். அத்தனையும் ஒரு ஜடைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

பெட்டியை இழுத்துக் கட்டிலில் போட்டு, மடித்ததும் மடிக்காததுமாகத் துணிகளைத் திணித்தாள். விடிந்ததும் முதல் விமானம். அப்புறம் அவனாச்சு, அவளாச்சு.

அறையிலிருந்த போன் அடித்தது.

“மேடம், ரிசப்ஷன்லருந்து பேசுறேன்.” தமிழ்தான். அந்தமானில் தடுக்கி விழுந்தால் நம் ஊர்க்காரர்கள். “சார் கேட்ட ரோஸ்மேரி வந்தாச்சு. சாரத்தான் கீழ காணோம். ரூமுக்கு அனுப்பிவிடட்டுமா?”

 மனசு கேட்கவில்லை என்று அவன் புலம்பியது இதற்குத்தானா? கடலைத் தாண்டி, அடுத்த விமானத்திலேயே வரவழைத்துவிட்டானா? அதுவும் பெண்டாட்டி இருக்கிற இடத்துக்கே.

“அனுப்புங்க,” என்றாள். “நானும் பாத்துக்கிறேன்.”

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, கழுத்துத் தாலியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சத்தம் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து, ‘இந்தா, இனிமே நீயே அவரப் பாத்துக்க’ என்று ஒரே வார்த்தை.

லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் வராந்தாவில் நெருங்க நெருங்க, தாலியைக் கழற்றத் தோதாகத் தூக்கிப் பிடித்தாள்.

வாசலில் வந்து நின்றவர் ஓட்டல் சீருடையில் இருந்த ஒரு பெரியவர். ஏஞ்சலின் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் வேறு யாருமில்லை.

“ரோஸ்மேரி எங்க?” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெரியவர் ஒரு காகிதப் பையை நீட்டினார்.

“ரோஸ்மேரித் தைலம் சின்ன பாட்டில்தான் கெடச்சுச்சு மேடம், சாரோட சொட்டைக்கு இது ஒரு வாரம் தாங்கும்.”