லீவே எடுக்காத அரங்கநாதன்

“செத்த மறுநாளே டூட்டிக்கு வந்தவரு எங்க அரங்கநாதன் சார் ஒருத்தர்தான். இந்தியாவுலயே வேற எந்த ஆபீஸ்லயாவது உண்டா, சொல்லுங்க!” வாட்ச்மேன் அந்தோணிசாமி மார்தட்டினார்.

மேனேஜர் மணிமாறன் பல்லைக் கடித்த சத்தம் ஓமந்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். திண்டிவனத்தில் அவர்களுடைய பார்சல் ஆபீஸ் வாசலில், ஷட்டருக்கு உள்பக்கமாக, முகம் பார்த்து வருகை பதியும் மிஷினைச் சோதனைக்கு மாட்டியிருந்தார்கள். முந்தாநாள் தகனமான புக்கிங் கிளார்க் அரங்கநாதனுக்கு அது நேற்றும் வருகை போட்டிருந்தது. இன்றைக்கும் போட்டுவிட்டது.

“யோவ், அவரு போட்டோவைக் காட்டிக்கினு நீதானே வெளயாடுற? மிஷின் நின்னுட்டா நீ இஷ்டத்துக்கு வரலாம், போலாம். அதானே கணக்கு?”

“மாதா மேல சத்தியம் சார்! நான் ஷட்டரைத் தூக்கினேன், அது அவரு பேரைச் சொல்லுச்சு. பயத்துல நானும் ஒரு வணக்கம் வச்சிட்டேன்.”

“போதும். நாளையிலேர்ந்து வேலைக்கு வராத.”

அந்தோணிசாமியின் முகம் செத்தவர் முகத்தைவிட வெளிறிப்போனது. “இந்த வயசுல எவன் சார் எனக்கு வேலை குடுப்பான்?”

மிஷின் தேறுமா தேறாதா என்று பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஆர்த்தி குறுக்கிட்டாள். “சார், செல்போன் போட்டோ, பாஸ்போர்ட் சைஸ் எல்லாத்தையும் காட்டிப் பாத்துட்டேன். அசையாத முகத்தை இது ஏத்துக்கவே ஏத்துக்காது.”

“அப்போ செத்தவரு தலையாட்டிக்கினு வந்தாருன்றீங்களா மேடம்?”

“ஷட்டரை இறக்குங்க. நானே தூக்கிப் பாக்கறேன்.”

இறக்கினார்கள். அந்தோணிசாமியின் இரண்டு கையையும் மணிமாறன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆர்த்தி ஷட்டரைத் தூக்கினாள். வெளிக்காற்று குப்பென்று உள்ளே வந்தது. வாசலில் ஈ காக்கை இல்லை.

“அரங்கநாதன், காலை வணக்கம்” என்றது மிஷின்.

லோடுமேன் ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைக்குள்ளேயே புகுந்துவிட்டதாகக் கேள்வி. மணிமாறனுக்கு மீசை மட்டும் தனியாக நடுங்கியது.

ஆர்த்தி மிஷினோடு கன்னத்தை ஒட்டி, அது பார்த்த பக்கமே தானும் பார்த்தாள். குறுகலான சந்தின் எதிர்ச்சுவரில், வாசல் அகலத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் அரங்கநாதன் அசல் ஆளாகவே சிரித்துக்கொண்டிருந்தார். காற்று வீசியதும் தலையையும் ஆட்டினார்.

அந்தோணிசாமி கையை உதறிக்கொண்டார். “இப்ப சொல்லுங்க சார். டூட்டிக்கு வந்தாரா, இல்லியா?”

மணிமாறனின் குரல் இறங்கிவிட்டது.

“வந்தாருய்யா... ஆபீசைப் பாத்தாப்ல இருக்கட்டும்னு கொண்டாந்து கட்டினவனே நான்தான்.”