எதற்கும் உதவாத கண்

“டோக்கன் நம்பர் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. அவர் எப்படி முன்னாடி போறார்?”

கண் மருத்துவமனையில், விழித்திரையைப் படம் எடுக்கும் அறையின் வாசலில் நின்று கிரேன் ஓட்டுநரின் மனைவி குரலை உயர்த்தினாள். கறுப்புக் கண்ணாடி அணிந்த பெரியவர் ஒருவர், கைத்தடியால் தரையைத் தட்டியபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

“அவருக்கு அஞ்சு நிமிஷ வேலைதாம்மா. அடுத்தது நீங்கதான்” என்றாள் படம் எடுக்கும் பெண்.

“தடி பிடிச்சு நடக்கறவருக்குப் படம் எதுக்கு? போன கண்ணைப் படம் எடுத்து யாருக்கு என்ன லாபம்? பெரிய டாக்டருக்கு மாமனாரோ?”

பெரியவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். “மாமனாரா இருந்தா இவ்வளவு தூரம் நடந்து வருவேனாம்மா? மெஷினே என் வீட்டுக்கு வந்திருக்குமே!”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. சர்க்கரை நோயால் கணவருடைய விழித்திரையில் நீர் கோத்திருந்தது. கிரேனின் உச்சியிலிருந்து பார்த்தால் கீழே நிற்பவர்களின் தலை தெரியவில்லை; தொப்பியின் நிறம் மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. மூன்று மாதத்தில் நிறுவனத்தின் கண் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் அவரை மறுபடி கிரேனில் ஏற்ற மாட்டார்கள்.

“விடு, அவர் போயிட்டு வரட்டும்” என்றார் கணவர்.

“நீங்க பேசாம இருங்க. இப்படி விட்டு விட்டுத்தான் சர்க்கரையும் ஏறுச்சு.”

ஐந்தாவது நிமிடம் பெரியவர் வெளியே வந்தார். அவர்களை உள்ளே அழைத்தார்கள்.

“தாடையை இதுமேல வைங்க. பச்சைப் புள்ளியைப் பாருங்க. சிமிட்டாதீங்க.”

திரையில் ஒரு செந்நிற வட்டம் எழுந்தது. அதன் குறுக்கே கிளை பிரிந்து ஓடின ரத்தக் குழாய்கள். அடுத்த படத்தில் அதே விழித்திரை, குறுக்கே வெட்டிய நிலம்போல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. கத்தி படவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள், அவர் கண்ணுக்குள் அன்றுதான் பார்த்தாள்.

“அம்மாடி! இவ்வளவும் இவர் கண்ணுக்குள்ளயா இருக்கு?” என்றாள். கோபம் எங்கோ போய்விட்டிருந்தது.

அடுத்த அறையில் டாக்டர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அது தந்த விடையை இரண்டு முறை படித்தார்.

“இந்தக் கறுப்புக் குழியெல்லாம் கோத்திருக்கற நீர். பக்கத்துல சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியுதா? இதையெல்லாம் வச்சுத்தான் கம்ப்யூட்டர் சொல்லுது. வழக்கமா கண்ணுல போடற ஊசி இவருக்குப் பெரும்பாலும் கேக்காது.”

அவள் முகம் வெளிறியது. “கேக்காதா? அப்ப இவர் வேலை?”

“பதறாதீங்க. முதல்லயே தெரிஞ்சதுதான் நல்லது. தெரியாம இருந்திருந்தா மாசக்கணக்கா அதையே போட்டுப் பார்த்துட்டுத்தான் மாத்தியிருப்போம். இப்ப நேரா வேற மருந்துக்குப் போறோம். அந்த மருந்தால கண்ணுல அழுத்தம் ஏறாம பார்த்துக்கணும். பரிசோதனைக்குள்ள தேறிடுவார்னு நம்பறேன்.”

கிரேன் ஓட்டுநருக்கு வியப்பு அடங்கவில்லை. “ஊசி இன்னும் உடம்புலயே படலை. கேக்காதுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?”

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“ஆரம்பத்துல அதுக்கும் தெரியாது. பழைய நோயாளிங்க படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அது கத்துக்கும். குணமானவங்க சந்தோஷமா திரும்ப வந்தாங்க. அவங்க படம் நிறையச் சேர்ந்துச்சு. குணமாகாதவங்க வெறுத்துப்போய் வர்றதையே நிறுத்திட்டாங்க. நாங்க எங்கே தோத்தோம்னு அதுக்குக் காட்ட எங்ககிட்ட படமே இல்லை.”

“அப்புறம்?”

“ஒருத்தர் மட்டும் வந்தார். இன்னமும் வர்றார். நான்தான் அவருக்கு ஏழு ஊசி போட்டேன். ஏழும் வீண். பார்வை போச்சு. என் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு போயிருக்கலாம். ‘இனிமே படம் எடுத்து உங்களுக்கு ஒரு பலனும் இல்லை’ன்னு சொன்னேன். ‘அதனால என்ன, எடுத்துக்கோங்க’ன்னு கண்ணைக் காட்டினார். அவரைப் பார்த்துத்தான் மத்தவங்களும் வந்தாங்க. இதோ, உங்க படம் அப்படியே அவரோட முதல் படம் மாதிரி இருக்கு.”

“யாருங்க அவர்?”

“பேர் சொல்லக்கூடாதும்மா.”

வெளியே வந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரர் பெஞ்சின் ஓரத்தில், தன்னை அழைத்துப்போக வரும் மகளுக்காகக் காத்திருந்தார். அவள் தயங்கி அருகில் போய் நின்றாள்.

“ஐயா…”

“யாரு, டோக்கன் ஒண்ணா?”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்களுக்கு எத்தனை ஊசி போட்டாங்க?”

“ஏழும்மா. அது கிடக்கட்டும், உன் வீட்டுக்காரர் கண்ணு தேறிடுமாமா?”